உலையும் வெஞ்சனமும்: ரெங்கம் வட்டாரத் தோட்டப் பெண்களின் உணவில் உப்பு வந்த வழிகள்

முன்னுரை

மலேசியத் தமிழரின் உணவு வரலாற்றைப் பேசும் எழுத்துகளில் அரிசிக்கே முதலிடம் உண்டு. தோட்ட நிருவாகம் அரிசியை எவ்வாறு வழங்கியது, அதன் விலை கூலியில் எவ்வளவு பங்கை விழுங்கியது, போர்க்காலத்தில் அது எவ்வாறு கிடைக்காமற் போயிற்று என்பனவெல்லாம் பல நூல்களில் இடம்பெற்றுள்ளன. உப்பு அவ்வாறன்று. எல்லா வீட்டிலும் எப்போதும் இருக்கும் பொருளாகையால் அது ஆய்வாளர் கண்ணில் எளிதில் படுவதில்லை.

இக்கட்டுரை ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் அமைந்த ரெங்கம் வட்டாரத்தை மையமாகக் கொண்டு, தோட்டத் தமிழ்ப் பெண்களின் அன்றாட உணவுக்குள் உப்பு எவ்வழிகளில் வந்தது என்பதை ஆராய முற்படுகிறது. இவ்வினா பழைமையைப் பற்றியது மட்டுமன்று. உப்பைக் குறைக்குமாறு இன்று கூறப்படும் மருத்துவ அறிவுரை பெரும்பாலும் அடுப்படியில் நிற்கும் பெண்ணை நோக்கியே சொல்லப்படுகிறது. அவள் கையால் அள்ளிப் போடும் உப்புத்தான் அவள் உண்ணும் உப்பு என்னும் எண்ணம் அதன் பின்னணியில் உள்ளது. தோட்ட வாழ்வின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடந்தரவில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்தாகும்.

ரெங்கமும் வாங்கி உண்ட உப்பும்

கெமாஸையும் ஜொகூர் பாருவையும் இணைத்த ஜொகூர் இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. அப்பாதையில் குளுவாங்குக்கும் லாயாங் லாயாங்குக்கும் இடையே அமைந்த நிலையங்களுள் ஒன்று ரெங்கம். பாதை திறந்துவிட்ட காடுகளில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதியின் துணையோடும் கங்காணிகள் வழியாகவும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் மலாயாவின் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். உதவிபெற்று வரும் இக்குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது.

ரெங்கம் உள்நாட்டு ஊர். கிழக்கே மெர்சிங்கும் மேற்கே பொந்தியானும் கடற்கரை ஊர்கள். அங்கிருந்து மீனும் கருவாடும் வரலாமேயன்றி உப்பு விளைந்து வர வழியில்லை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் தீபகற்பத்தில் உப்பளத் தொழில் வேரூன்றவில்லை. மலாயாவுக்கு வேண்டிய உப்பு பெரும்பாலும் இறக்குமதியாயிற்று. எனவே தோட்டத்து வீட்டில் இருந்த ஒவ்வொரு பிடி உப்பும் கடல் கடந்து வந்து, கடையில் காசு கொடுத்து அல்லது கடன் சொல்லி வாங்கப்பட்டதாகும்.

இத்தொழிலாளர் பலர் புறப்பட்ட தஞ்சை, திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களில் நிலைமை வேறு. அங்கே உப்பு விளையும் கரை தொலைவில் இல்லை. சங்க இலக்கியம் உப்பு வணிகரான உமணரை வண்டித் தொடரோடு காட்டுகிறது. நெல்லுக்கு மாற்றாக உப்பைக் கூவி விற்கும் உமணப் பெண்ணையும் அகநானூறு காட்டுகிறது. இந்த நீண்ட மரபின்மீது கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் தனியுரிமையை ஏற்றியது. விளைந்த இடத்திலேயே உப்பு வரிக்குரிய பொருளாயிற்று. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர் படை திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தது இதனை எதிர்த்தே. அவ்வேதாரணியத்துக்கு அருகிலுள்ள நாகப்பட்டினத் துறைமுகம், மலாயாவுக்கு ஆள் ஏற்றிய துறைமுகங்களுள் ஒன்று என்பது நோக்கத்தக்கது. உப்பு வரி 1947இல் நீங்கியது. ஆக, உப்பின் அளவையும் விலையையும் வீட்டுக்கு வெளியே உள்ளோர் முடிவு செய்வது தோட்டப் பெண்களின் குடும்பங்களுக்குப் புதிய அனுபவமன்று. புதியது யாதெனில், உப்பு எந்த உணவின் வழியாக வந்தது என்பதே.

அரிசியைக் கண்ட ஆவணங்கள்

காலனித்துவ மருத்துவம் தமிழ்த் தொழிலாளரின் உணவை மிகக் கூர்ந்து நோக்கிய ஒரு சூழல் உண்டு. அது பெரிபெரி நோய் பற்றிய ஆய்வு. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், தீட்டிய பச்சரிசியை உண்டோரிடையே அந்நோய் மிகுதியாகவும், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அரிதாகவும் காணப்பட்டதை எடுத்துரைத்து 1907இல் நூல் வெளியிட்டார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அதே காலப்பகுதியில் செய்த ஆய்வுகள், அரிசியைத் தீட்டும்போது நீங்கும் பொருளின் குறைவே நோய்க்குக் காரணம் என்பதை உறுதிப்படுத்தின. தமிழரின் சோறு இவ்வாறு உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. ஆனால் அச்சோற்றோடு உண்ணப்பட்டது எது என்பது அவ்வாய்வுக்குத் தேவைப்படவில்லை.

கூலியை அறுதியிட்ட ஆவணங்களின் நிலையும் இத்தகையதே. 1920களின் இறுதியில், தோட்டத் தொழிலாளி ஒருவரின் மாதச் செலவைப் பொருள் பொருளாகக் கூட்டிப் பார்த்து, அதன் அடிப்படையில் தரக்கூலி வகுக்கும் முறை ஏற்பட்டது. அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி, புளி, உப்பு, கருவாடு போன்ற பொருள்கள் அக்கணக்கில் இடம்பெற்றன. போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கென அன்று வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளியல் வீழ்ச்சிக் காலத்தில் இது மேலும் குறைக்கப்பட்டது. பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்காக மதிக்கப்பட்டது என்பது வெளிப்படை. அக்கணக்கு கடையோடு நின்றுவிட்டது. வாங்கிய கருவாடு அடுப்பிலிருந்து யாருடைய தட்டுக்குச் சென்றது என்பது கணக்குப் புத்தகத்துக்கு அப்பாற்பட்டது. பெண்ணின் உணவு வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

உப்பின் மூன்று வழிகள்

தோட்டக் குடும்பத்தின் அன்றாட உணவில் உப்பு வந்த வழிகளை மூன்றாகப் பகுத்துக் காணலாம். அவை உலை, வெஞ்சனம், கஞ்சி.

முதலாவது உலை. தமிழர் வழக்கில் சோறு பொதுவாக உப்பின்றியே வடிக்கப்படும். குழம்பிலும் கறியிலும் மட்டுமே கல்லுப்பு இடப்படும். அதன் அளவு சமைப்பவளின் கைக்குத் தெரியும். ஊடலின் அளவுக்கு உப்பின் அளவை உவமையாக்கி, சற்று மிகுந்தாலும் சுவை கெடும் என்று வள்ளுவர் உரைப்பது இக்கைப்பழக்கத்தை நன்கறிந்த சமுதாயத்தை முன்வைத்தே. உலையின் உப்பு அனைவருக்கும் பொதுவானது, அளந்து இடப்படுவது.

இரண்டாவது வெஞ்சனம். வியஞ்சனம் என்னும் சொல்லின் திரிபான இது, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதனையும் குறிக்கும். கருவாடு, நெத்திலி, ஊறுகாய், மோர் மிளகாய், உப்பும் மிளகாயும் வைத்து அரைத்த துவையல் ஆகியன இதில் அடங்கும். நாளடைவில் மலாய் அண்டை வீட்டாரிடமிருந்து பெலாச்சானும் சம்பாலும் இவ்வரிசையில் சேர்ந்தன. இவற்றுள் பெரும்பாலானவை உப்பிட்டுப் பதப்படுத்தப்பட்டவை. குளிர்ப்பெட்டி இல்லாத லயத்து வீட்டில், கூலி நாளுக்கும் அடுத்த கூலி நாளுக்கும் இடையே கெடாமல் இருக்கக்கூடிய உணவு அதுவே. குறைந்த காசில் நிறையச் சோற்றை இறக்க உதவுவதும் அதுவே. வெஞ்சனத்தின் உப்பைச் சமைப்பவள் அளப்பதில்லை. மீனவர் குப்பத்தில் அது முன்பே அளக்கப்பட்டுவிட்டது. கருவாட்டை நீரில் ஊறவைத்து உப்பை ஓரளவு இறக்குவதும், அதனைச் சேர்த்த குழம்பில் உப்பைக் குறைத்து இடுவதும் மட்டுமே அவள் கையில் இருந்தன.

மூன்றாவது கஞ்சி. முதல் நாள் சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் உப்பிட்டுக் கரைத்து உண்ணும் பழையதும் நீராகாரமும் இதன்பாற்படும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நண்பகல் வரை பால் வெட்டி, மங்குகளிலிருந்து பாலெடுத்துச் சுமந்து வரும் பெண்ணுக்கு வியர்வையோடு உப்பும் நீங்குகிறது. வெப்பத்துக்குப் பழகிய உடல் வியர்வையில் உப்பை ஓரளவு மிச்சப்படுத்தும் என்பது உடலியலார் கண்ட உண்மை. எனினும் கடும் உழைப்பு நாளில் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி பொருத்தமான உணவே. இதனை அறியாமை என்று ஒதுக்குவது சரியன்று.

இம்மூன்று வழிகளும் ஒரே வீட்டில் அனைவருக்கும் ஒரே அளவில் அமையவில்லை. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின்னரே பெண் உண்பது தமிழ்க் குடும்பங்களில் பரவலாக நிலவிய வழக்கம். இவ்வழக்கத்தின் விளைவை உணவின் தன்மையைக் கொண்டே உய்த்துணரலாம். கருவாட்டுக் குழம்பில் துண்டு முந்தியோர் தட்டுக்குப் போகும். துண்டிலிருந்து இறங்கிய உப்பு அடிச்சட்டிக் குழம்பில் நிற்கும். மிஞ்சிய குழம்பை இரவிலும் மறுநாள் காலையிலும் சுடவைக்கும்போது நீர் வற்றுமேயன்றி உப்பு வற்றாது. சுண்டிய குழம்பின் ஒரு கரண்டியில் புதுக் குழம்பின் ஒரு கரண்டியைவிட உப்பு மிகுதி. கறி தீர்ந்துபோனால் ஊறுகாயோ உப்பு மிளகாயோ துணையாகும். ஆகவே, கடைசியாக உண்பவளின் தட்டில் புரதம் குறையும். சோறும் உப்பும் விஞ்சும். தன் கையால் உலையில் குறைவாக உப்பிட்ட பெண்ணும் மிகுதியாக உப்பு உண்டிருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

தட்டுப்பாட்டின் காலம்: 1942 – 1960

சப்பானியர் ஆட்சிக்காலமான 1942 முதல் 1945 வரை இறக்குமதி நின்றது. அரிசிக்கு மரவள்ளிக்கிழங்கு மாற்றாயிற்று. இறக்குமதியையே நம்பியிருந்த உப்பும் அரும்பொருளாயிற்று. கடற்கரையோரத்தில் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்க இயலும். உள்நாட்டுத் தோட்டத்தில் அதற்கும் வழியில்லை. ஆண்கள் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட வீடுகளில் பெண்களே கிழங்கு பயிரிட்டுக் குடும்பம் காத்தனர். மரவள்ளி தன்னளவில் சுவை குன்றியது. உப்போ காரமோ இன்றி அதனை நாள்தோறும் உண்பது கடினம். அக்கால நினைவுகளில் பசியோடு உப்பின்மையும் சேர்ந்தே பேசப்படுவது இதனாலேயே.

1948இல் தொடங்கிய அவசரகாலம் இன்னொரு வகையில் உணவைக் கட்டுப்படுத்தியது. 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டப்படி மக்கள் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு சென்று சேராதிருக்க அரிசி பங்கிட்டு வழங்கப்பட்டது. விற்கும்போதே உணவு டின்களில் துளையிடப்பட்டது. சமைத்த உணவையும் வேலைக்காட்டுக்கு எடுத்துச்செல்லத் தடை விதிக்கப்பட்டது. ஜொகூர் இக்கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த மாநிலங்களுள் ஒன்று. விடியலில் புறப்பட்டுப் பிற்பகலில் திரும்பும் பால்வெட்டுப் பெண்ணுக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுசெல்லும் கஞ்சி இல்லாமற்போவது சிறு இழப்பன்று. வியர்வை மிகுந்த நேரத்தில் உண்ண வேண்டிய உப்பு, வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னர் உண்ணும் உப்பாக இடம்மாறியது. அவசரகாலம் 1960இல் முடிவுற்றது.

தோட்டத்தை விட்ட பின்னர்

1950களிலேயே தொடங்கிய தோட்டத் துண்டாடலும், 1960களுக்குப் பின் இரப்பரின் இடத்தில் செம்பனை பரவியதும், 1970களிலிருந்து ஜொகூரில் பெருகிய தொழிற்சாலைகளும் தோட்டக் குடும்பங்களைக் கலைத்தன. தோட்டத்து இளம்பெண்கள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். குடும்பங்கள் லயத்திலிருந்து நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தன. வியர்வை சிந்தும் வெளிவேலை குறைந்தது. ஆயினும் அவ்வேலைக்கென அமைந்த நாக்கு உடனே மாறிவிடவில்லை.

அதே காலத்தில் உப்பு வரும் வழியும் மாறியது. 1958இல் சப்பானில் உருவான உடனடி மீ, 1970களின் தொடக்கத்தில் மலேசியக் கடைகளில் இடம்பிடித்தது. சோயா கிச்சாப், மிளகாய்ச் சாஸ், சுவையூட்டும் கட்டி, டின் மீன், பொட்டல நொறுக்குத்தீனி ஆகியன சமையலறைக்குள் வந்தன. வேலை முறை மாறி மாறி அமையும் பெண்ணுக்குத் தொழிற்சாலை உணவகமும் வழியோர உணவுக்கடையும் அடுப்புக்கு மாற்றாயின. ஒரு மேசைக்கரண்டி சோயா கிச்சாப்பில் உள்ள சோடியம் ஒரு நாள் வரம்பின் பாதியை நெருங்கக்கூடும். உடனடி மீ ஒரு பொட்டலம் அப்பாதியைத் தாண்டுவதும் உண்டு. நாவில் கருவாட்டைப் போல உறைக்காததால் இந்த உப்பு இருப்பது தெரிவதில்லை. கருவாட்டை ஊறவைத்து உப்பிறக்கிய பாட்டியின் திறம் சாஸ் புட்டியிடம் செல்லாது.

நான்கு நாடுகளில் நடந்த இண்டர்மேப் ஆய்வின் முடிவுகள் 2010இல் வெளியாயின. சீன நாட்டு மாதிரியில் சோடியத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு வீட்டுச் சமையலில் இட்ட உப்பிலிருந்து வந்தது. அமெரிக்க மாதிரியிலோ ஏறத்தாழ 70 விழுக்காடு ஆலையில் பதப்படுத்திய உணவிலிருந்து வந்தது. இவ்விரு நிலைகளும் வெவ்வேறு நாடுகளின் நிலைகளாக அங்கே காட்டப்படுகின்றன. தோட்டத் தமிழ்க் குடும்பமோ முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலையை நோக்கி மூன்று தலைமுறைக்குள் நகர்ந்துவிட்டது.

அளவீடுகளும் பெண்ணின் தட்டும்

உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை லூயிஸ் டால் 1950களிலிருந்து வலியுறுத்தினார். 1988இல் வெளியான இண்டர்சால்ட் ஆய்வு அதனைப் பல நாடுகளில் சோதித்தது. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. அது 2 கிராம் சோடியத்துக்கு இணையானது. மலேசியாவில் 2017–2018இல் நடந்த சமூக உப்பு ஆய்வு, 24 மணிநேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்து, சராசரி உப்பு நுகர்வு நாளுக்கு 7.9 கிராம் என்று கண்டது. பங்கேற்றோருள் ஐந்தில் நால்வர் அளவுக்கு வரம்பைத் தாண்டியிருந்தனர். 2019ஆம் ஆண்டின் தேசிய நல ஆய்வின்படி வளர்ந்தோருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் உயர் இரத்த அழுத்தம் உடையவர்.

இத்தகைய அளவீடுகளில் ஆண்களின் சராசரி பெண்களின் சராசரியைவிட மிகுதியாகவே உள்ளது. இதனைக் கொண்டு பெண்களின் நிலை கவலைக்குரியதன்று என முடிவு செய்தல் பொருந்தாது. பெண்கள் உண்ணும் மொத்த உணவு குறைவு. ஆயினும் அவர்களின் சராசரியும் வரம்புக்கு மேலேயே உள்ளது.

வீட்டில் வாங்கும் உப்பை ஆள்கணக்கில் வகுக்கும் எளிய முறையும் இங்கே துணைசெய்வதில்லை. ஐவர் உள்ள வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு செலவானால், தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.7 கிராம் என்று கணக்கு வரும். இக்கணக்கில் கருவாட்டின் உப்பு இல்லை. கிச்சாப்பின் உப்பு இல்லை. கடையில் உண்ட உப்பும் இல்லை. அனைவரும் ஒரே அளவாக உண்டனர் என்னும் ஊகம் மட்டும் இருக்கிறது. முதற்பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் உள்ள வேறுபாட்டை அது துடைத்துவிடுகிறது. அன்றைய கூலிக் கணக்கின் குறையே இங்கும் தொடர்கிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ரெங்கம் போன்ற உள்நாட்டுத் தோட்ட வட்டாரத்தில் உப்பு எக்காலத்தும் வெளியிலிருந்து வந்த பொருளே. இரண்டு, பெண்ணின் உப்பு உலையைக் காட்டிலும் வெஞ்சனத்தையே சார்ந்திருந்தது; உண்ணும் வரிசையும் கூலியின் அளவும் அதனை முடிவு செய்தன. மூன்று, தோட்டம் கலைந்த பின்னர் வெஞ்சனத்தின் இடத்தை ஆலை உணவு பிடித்தது. அளக்கும் கை மீனவர் குப்பத்திலிருந்து ஆலைக்கு மாறியதேயன்றிப் பெண்ணின் கைக்கு வரவில்லை.

ஆகவே, உலையில் உப்பைக் குறைக்குமாறு பெண்ணுக்கு மட்டும் அறிவுறுத்துவது பாதித் தீர்வாகவே அமையும். மலேசிய நலத்துறையின் 2015–2020ஆம் ஆண்டு உப்புக் குறைப்பு வியூகம் கண்காணிப்பு, விழிப்புணர்வு ஆகியவற்றோடு உற்பத்திப் பொருள்களில் உப்பைக் குறைப்பதையும் மூன்றாவது தூணாகக் கொண்டது. வரலாற்று நோக்கில் இம்மூன்றாவதே முதன்மை பெறத்தக்கது. வீட்டளவில் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உண்ணும் வரிசை மாறி, பெண்ணும் மற்றவரோடு அமர்ந்து மீனிலும் காய்கறியிலும் தன் பங்கைப் பெறுவாளாயின், சோற்றை இறக்க ஊறுகாயை நாடும் தேவை குறையும்.

தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. வெஞ்சனம், நீராகாரம், சுண்டக் குழம்பு, உப்புக்கண்டம் ஆகிய சொற்கள் இன்றைய மாணவர் பலருக்கு அயலாகிவிட்டன. பாட்டிமார் இன்னும் இருக்கும் வீடுகளில், எதை எதனோடு உண்டனர், யார் முதலில் உண்டனர், சட்டியில் எஞ்சியது யாருக்கு என்னும் மூன்று வினாக்களை மாணவர் கேட்டு எழுதிவரச் செய்யலாம். சொற்களஞ்சியப் பயிற்சியாகத் தொடங்கும் அம்முயற்சி, கூலிக் கணக்கும் மருத்துவ அளவீடும் விட்டுச்சென்ற வரலாற்றை நிரப்பும் சான்றாக அமையும்.